நொண்டிக் கரடி

இரண்டு தடவை கை தட்டினால் மிருகங்கள் மனிதர்களாகிவிட வேண்டும். அதுவரை தவளைகளாகக் குந்தியிருந்த பதினேழு பிள்ளைகளும் கைத்தட்டல் விழுந்த அடுத்த நொடி வாயைத் திறந்தார்கள். ஒருத்திக்குத் தண்ணீர் வேண்டும். இன்னொருத்திக்குக் கால்விரல் மரத்துவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்த ஒருவன் மட்டும், வெகுநாளாக மனசில் போட்டு உருட்டி வைத்திருந்தவன்போல, "மிஸ், மீனுக்கு ஏன் நம்ம கிளாஸ்ல இடமே இல்ல?" என்றான்.

"மீனுக்குக் கால் இல்லடா."

"பாம்புக்கு மட்டும் இருக்கா?"

பயிற்சியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஐந்து வாரத்தில் அவள் சிரித்தது இது இரண்டாவது முறையோ, மூன்றாவது முறையோ. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸ், இப்ப நொண்டிக் கரடி போலாமா?"

"ஆமா மிஸ். நொண்டிக் கரடி மிஸ்."

கூடம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

"அது இனிமே கிடையாது," என்றாள்.

"ஏன் மிஸ்?"

"அந்தக் கரடிக்கு உடம்பு சரியாயிடுச்சு."

எவ்வளவு லாகவமாக வருகிறது பொய் என்று அவளுக்கே தோன்றியது. "நண்டு," என்று குரல் கொடுத்தாள். பதினேழு வயிறுகள் கூரையைப் பார்க்கத் திரும்பின. கையும் காலும் ஊன்றி, முதுகு தரையைத் தொடாமல், நீல மெத்தைகளின்மேல் பிள்ளைகள் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தார்கள். யாரும் பேசவில்லை. மெத்தையின் ரப்பர் வாசனையும் மூச்சுச் சத்தமும் மட்டும் இருந்தன.

அவளுக்கு அந்த மௌனம் ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை கூட வந்தவர்களுக்கு நினைவிருக்கும். கணவனோடு ஒத்துவராமல் இரண்டு பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்தவள் இவள். மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த இந்தக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, பிள்ளைகளைக் கரடியாகவும் நண்டாகவும் வாத்தாகவும் கம்பளிப்பூச்சியாகவும் நகரவைத்து, இரண்டே வருஷத்தில் பேர் வாங்கினாள். ஒரு நிமிஷம் உட்காராத பிள்ளைகள் இங்கே முக்கால் மணி நேரம் வாய் திறக்காமல் பயிற்சி செய்வதைப் பெற்றோர் வாசலில் நின்று வாய் பிளந்து பார்ப்பார்கள். அதற்கு அவள் வைத்திருந்தது ஒரே ஒரு விதி. மிருகமாக இருக்கும்போது மனுஷப் பேச்சு கிடையாது. மிருகத்தின் சத்தம் போடலாம், பேசக்கூடாது. பேசினால் மரம். சுவரோரமாகப் போய்க் கையிரண்டையும் விரித்துக்கொண்டு, அந்த நடை முடியும்வரை மரமாக நிற்க வேண்டும்.

பிள்ளைகள் வேறு எதற்கும் பயப்படாவிட்டாலும் மரமாவதற்குப் பயந்தார்கள்.

தங்கையின் மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். ஆறு வயது. உருவத்துக்கும் காரத்துக்கும் பொருத்தமாக வீட்டில் அவளை மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் பெரியம்மா, கூடத்தில் மிஸ். படி ஏறும்போதே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சொந்தக்காரப் பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, மற்ற பிள்ளைகள் இரண்டு முறை பேசினால் மரமாக்கும் பயிற்சியாளர், மிளகை ஒரே முறையில் மரமாக்கினாள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் மிளகு விழுந்து கை முறிந்தது. பயிற்சியாளர் உடனே வாரி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை இதுதான்.

நடந்தது என்னவென்று புரிந்தது அவளுக்கும் மிளகுக்கும் மட்டும்தான்; மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அன்றைக்கு ஏற்கெனவே மிளகை இரண்டு தடவை மரமாக்கியிருந்தாள். நண்டுப் பந்தயத்தில் மெத்தை முடிந்து தரை தொடங்கும் இடத்தில் பிள்ளையின் கை வழுக்கி மடங்கியபோது, இவள் மறுகோடியில் இன்னொரு பிள்ளையின் இடுப்பைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை. அடுத்தது கரடி நடை. முட்டி தரையில் படாமல், கையிரண்டும் காலிரண்டும் ஊன்றி நடக்க வேண்டும். மிளகு இடது கையை அரைகுறையாக ஊன்றி, உடனே எடுத்து, மறுபடி ஊன்றி நடந்தாள். தொண்டைக்குள்ளிருந்து "உர்ர், உர்ர்" என்று ஒரு சத்தம்.

இவள் அசந்துபோனாள். "எல்லாரும் இங்க பாருங்க. அடிபட்ட கரடி எப்படி நடக்கும்? கற்பனைன்னா இது. எல்லாரும் இவ மாதிரி நடங்க," என்றாள்.

பதினேழு கரடிகள் நொண்டின. நடுவில் ஒன்று நிஜமாகவே நொண்டியது. இருபது நிமிஷம். கடைசியில் கை தட்டியபோதுதான் மிளகு, "மிஸ், கை வலிக்குது," என்றாள். மணிக்கட்டு அதற்குள் கிண்ணம்போல வீங்கியிருந்தது.

இன்று கட்டுப் பிரிக்கும் நாள்.

---

தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். விரல் நுனியில் லென்ஸ் தேய்த்த வெள்ளைப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது.

"கிளாஸ் முடிஞ்சு சாப்பிட்டியாக்கா?"

"ம்."

"பொய் சொல்றதுக்கும் ஒரு தெம்பு வேணும். இந்தா," என்று கைப்பையிலிருந்து ஒரு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து மடியில் போட்டாள். விளையாட்டாகச் சொன்னதுதான். பயிற்சியாளருக்குப் பொட்டலத்தைப் பிரிக்கக் கை வரவில்லை.

மிளகு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, கட்டின்மேல் அவள் அப்பா பேனாவால் வரைந்திருந்த லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருக்கு வரையத் தெரிந்த ஒரே படம் அதுதான்.

உள்ளே கட்டு வெட்டும் கருவி இரைந்தபோது மிளகு கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"இது தோலை வெட்டாதுடா தங்கம், கூச்சம் மட்டும்தான் காட்டும்," என்றாள் நர்ஸ். "சத்தம் போடத்தான் இதுக்குச் சம்பளம்."

கட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்து வந்த கை மிளகுடையதாகவே தெரியவில்லை. மெலிந்து, வெளிறி, தோல் பொருக்குப் பொருக்காக உரிந்து, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே லேசாக ஒரு வளைவோடு இருந்தது. தெரிந்து பார்த்தால்தான் தெரியும். பயிற்சியாளருக்குத் தெரிந்தது. பிள்ளைகளின் மணிக்கட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது அவள் தொழில்.

டாக்டர் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "வலிக்குதா?"

மிளகு அவரைப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு, வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளிருந்து மெதுவாக, "உர்ர்ர்," என்றாள்.

டாக்டர் சிரித்தார். "இது என்ன, புலியா?"

"கரடி டாக்டர்," என்று தங்கையும் சிரித்தாள். "எங்க அக்கா கிளாஸ்ல கத்துக் கொடுக்கிறாங்க. வீட்ல எதைக் கேட்டாலும் இப்ப இதான் பதில்."

நர்ஸும் சேர்ந்து சிரித்தாள். பயிற்சியாளர் மட்டும் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள். வீட்டில் எதைக் கேட்டாலும். ஐந்து வாரமாக. அவளும் அதே வீட்டில்தான் இருந்தாள். அதே சத்தத்தைச் சமையலறையிலும் மாடிப்படியிலும் கேட்டிருக்கிறாள். கேட்டும், விளையாடுகிறாள் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

டாக்டர் பழைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். புதிய படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"எலும்பு நல்லா சேர்ந்திருக்கு. கொஞ்சம் கோணிச் சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். சின்ன வயசு, வளர வளர நேராகிடும். ஆனா எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம். வெறுமனே விழுந்து முறிஞ்சா இவ்வளவு விலகாது. விழுந்ததுக்கு அப்புறம் கையை ஊனினாளா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். "நீதானே கூட இருந்த?"

சொல்வதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. வார்த்தைகள் தொண்டைவரை வந்து வரிசையாக நின்றன. ஆமாம் டாக்டர், இருபது நிமிஷம் ஊனினாள், நான்தான் ஊனச் சொன்னேன். எட்டே வார்த்தை.

"இல்ல டாக்டர்," என்றாள். "உடனே தூக்கிட்டேன்."

டாக்டர் மிளகைப் பார்த்து, "அப்படியா குட்டி?" என்றார்.

மிளகு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஆமா. மிஸ் உடனே தூக்கிட்டாங்க."

பெரியம்மா என்று சொல்லவில்லை. மிஸ் என்றாள்.

---

பஸ்ஸில் மிளகு ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையைத் தொடையின்மேல் வைத்து, இன்னொருத்தருடைய பொருளைப் பத்திரமாகக் கொண்டுபோவதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தாள். பயிற்சியாளர் பின்சீட்டிலிருந்து அவள் பிடரியைப் பார்த்தபடி இருந்தாள்.

தான் பொய் சொன்னதுகூட அவ்வளவு உறுத்தவில்லை. அது பழகிவிட்டது. தன் பொய்க்கு அந்தப் பிள்ளை முட்டுக் கொடுத்தாளே, அதுதான் உறுத்தியது. இத்தனை வருஷமாக எத்தனையோ பிள்ளைகளுக்கு எதை எதையோ கற்றுக்கொடுத்திருக்கிறாள். விரலை விரித்து ஊன்று, பாரத்தைத் தோளுக்குக் கொண்டு போ, குதித்தால் பூனைபோலச் சத்தமில்லாமல் இறங்கு. இந்த ஒன்றை எப்போது கற்றுக்கொடுத்தோம் என்று தேடிப் பார்த்தாள். தேட அதிக நேரம் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கை குளியலறையில் வாளியில் வெந்நீர் விளாவி, மிளகின் கையை முழங்கைவரை அதில் வைத்தாள். உரிந்த தோல் தண்ணீரில் மிதந்தது.

"பாம்பு சட்டை உரிச்ச மாதிரி இருக்கும்மா."

"பேசாம இரு. தேய்ச்சா எரியுதா?"

மிளகு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பத்து நிமிஷத்தில் கண் சொக்க, கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு வந்தாள் தங்கை.

பயிற்சியாளர் குளியலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தங்கை வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முட்டி போட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி கிளாசுக்கு அனுப்பட்டுமாக்கா? டாக்டர் கைக்குப் பயிற்சி வேணும்னு சொன்னாரே. உன்னை விட்டா யாரை நம்பி அனுப்புவேன்?"

"வேண்டாம்."

"ஏன்?"

"நான் உடனே தூக்கல."

தங்கை துடைப்பதை நிறுத்தவில்லை. "என்ன?"

"விழுந்த உடனே தூக்கல. விழுந்ததை நான் பாக்கவே இல்ல. அவ அந்தக் கையோடதான் கரடி நடை நடந்தா."

துணி நின்றது.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"அழல?"

"கரடி மாதிரி சத்தம் போட்டா. பேசினா மரமாக்கிடுவேன்னு பயம். அன்னைக்கு ரெண்டு தடவை மரமாக்கியிருந்தேன்."

"நீ என்ன பண்ண?"

இங்கே நிறுத்திக்கொள்ளலாம். இதுவரை சொன்னது கவனக்குறைவுதான். கவனக்குறைவை யாரும் மன்னிப்பார்கள். இதற்குமேல் சொல்லாமல் விட்டால், சொன்ன பேரும் கிடைக்கும், பாதி பாரமும் இறங்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம் என்று ஒரு குரல் உள்ளே கணக்குப் போட்டது.

"பாராட்டினேன்," என்றாள். "எவ்வளவு நல்லா நொண்டுறா பாருங்கன்னு சொன்னேன். எல்லாப் பிள்ளைங்களையும் அவளை மாதிரியே நொண்டச் சொன்னேன்."

தங்கை எழுந்திருக்கவில்லை. ஈரத் தரையில் முட்டி போட்டபடியே இருந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. திட்டினால் தேவலை என்று இருந்தது மூத்தவளுக்கு. சின்ன வயதில் சண்டை வந்தால் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு உருளுகிறவள் தங்கை. இப்போது கை ஈரத் துணியை விடவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலம்," என்று கடைசியில் தங்கை தொடங்கினாள். குரல் சாதாரணமாக இருந்தது. "ஒழுங்கா கவனிச்சு விளையாடியிருந்தா விழுந்திருப்பியாடி, பெரியம்மாவுக்கு எவ்வளவு கெட்ட பேருன்னு அவளைத் திட்டி, புதுக் கட்டோட உன் ரூம் வாசல்ல கொண்டுவந்து நிறுத்தினேன். மன்னிப்புக் கேளுன்னு. கேட்டாளா?"

"கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"பரவாயில்லன்னு சொன்னேன்."

"பரவாயில்ல," என்று தங்கை திரும்பச் சொன்னாள். துணியை முறுக்கிப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி அது. ஒரு சொட்டும் விழவில்லை. "நீ தெரியாம செஞ்சதை நான் மறந்துடுவேன்க்கா. எனக்கே சந்தேகமா இருக்கு, ஆனா மறந்துடுவேன்னுதான் நினைக்கிறேன். அந்தப் பரவாயில்லையை எப்படி மறக்கறதுன்னு தெரியல."

"மாப்பிள்ளை வந்ததும் சொல்லிடறேன்."

"சொல்லு. அதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லு. முதல்ல அவகிட்ட."

---

மிளகு தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பயிற்சியாளர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்ததும் திரும்பினாள்.

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. அவர்களைக் கேட்க வைத்துத்தான் பழக்கம்.

"மிளகு, அன்னைக்கு நீ ஒரு தப்பும் பண்ணல. நீ மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதில்ல. தப்பு என்னோடது. உனக்கு வலிச்சிருக்கும். நான் பாத்திருக்கணும்."

மிளகு உரிந்த தோலை ஒரு விரலால் வருடினாள்.

"பேசக்கூடாதுன்னு நான் சொன்னதும் தப்பு. வலிச்சா யாரா இருந்தாலும் சொல்லலாம். கரடியா இருந்தாலும் சொல்லலாம். டாக்டர்கிட்டயும் நான் பொய் சொல்லிட்டேன். இப்ப அம்மாகிட்ட நிஜத்தைச் சொல்லிட்டேன். அப்பா வந்ததும் அவர்கிட்டயும் சொல்லப்போறேன்."

அப்போதுதான் பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பாகிட்ட வேண்டாம்."

"ஏன்டா?"

"வேண்டாம் பெரியம்மா. நான் யார்கிட்டயும் சொல்லல. நர்ஸ் கேட்டாங்க, சொல்லல. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டாங்க, சொல்லல."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

மிளகு குரலைத் தாழ்த்தினாள். "கட்டுப் போட்டாங்கல்ல, அன்னைக்கு அப்பா அம்மாகிட்ட சொன்னாரு. நான் கேட்டேன். உங்க அக்கா மட்டும் கவனிக்காம விட்டிருந்தா, அப்புறம் இந்த வீட்ல அவங்களுக்கு இடமில்லன்னு சொன்னாரு. நீங்க பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு எங்க போவீங்க?"

விதிக்குப் பயந்து இருபது நிமிஷம் வாய் மூடியிருந்த பிள்ளை என்றுதான் இத்தனை நாளும் பயிற்சியாளர் நினைத்திருந்தாள். ஐந்து வாரம் வாய் மூடியிருந்தது வேறொன்றுக்காக. ஆறு வயதில் ஒரு வீட்டையே அந்த ஒடிந்த கையால் தாங்கிப் பிடித்திருக்கிறாள்.

வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து கனமான காலணிச் சத்தம்.

மிளகு சட்டென்று பெரியம்மாவின் சட்டையை முழங்கையருகேப் பிடித்துக்கொண்டாள். இடது கையால். ஐந்து வாரமாக எதையும் பிடிக்காத விரல்கள். துணி மடிப்பைப் பற்றக்கூட அவற்றுக்குத் தெம்பு இல்லை. லேசாக இழுத்தால் போதும், விட்டுவிடும்.

அவள் இழுக்கவில்லை. மற்ற கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மிளகின் மடியில் வைத்தாள். ஒரு பழத்தை வைப்பதுபோல.

பூட்டில் சாவி திரும்பியது. வாசலிலேயே உற்சாகக் குரல். "எங்க என் மிளகு? கட்டுப் பிரிச்சாச்சா? அப்பா வரைஞ்ச லிஃப்ட்டைத் தூக்கிப் போட்டுட்டாங்களா?"

சமையலறையிலிருந்து தங்கை வெளியே வரவில்லை.

பயிற்சியாளர் எழுந்து அறை வாசலுக்கு வந்தாள். முதுகுக்குப் பின்னால் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"மாப்பிள்ளை," என்றாள். "காலணியைக் கழட்டிட்டுக் கொஞ்சம் உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் சிரித்த முகத்தோடேயே குனிந்து காலணி நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவதில் கை நின்றது. நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்தார்.